புதன்கிழமை கொடுத்த மனு

அத்தியாயம் 17

தேர்தலில் நிற்கிற வீடு எப்படியிருக்கும் என்று இரண்டு மாதத்துக்கு முன்புவரை நிரூபாவுக்குத் தெரியாது. இப்போது நன்றாகவே தெரியும். சோபாவில் உட்கார இடமிருக்காது. கராஜில் காருக்கு இடமிருக்காது. குளிக்கப் போனாலும் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டுப் புத்தி சொல்வார்கள். கணவன் கீதனின் முகம் அச்சடித்த தேர்தல் பலகைகள் கராஜ் முழுக்க அடுக்கிக் கிடந்தன. பலகையில் இருந்த கீதன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வீட்டில் இருந்த கீதன் அப்படிச் சிரித்து நிரூபா பார்த்து வருடக் கணக்காகிறது.

வேலை விடுப்பு எடுத்து, வீடு வீடாக ஏறி இறங்கி, கோயில் வாசலில் நின்று கைகொடுத்து, இவ்வளவும் எதற்கு? பதவி ஆசைக்கு என்று அவர்கள் இருக்கிற மில்லிக்கன் பகுதியில் சிலர் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். கதைக்கிறவர்கள் ஒருநாளாவது மகன் சுலக்சனோடு இருந்து பார்த்தவர்களா?

சுலக்சனுக்கு ஒன்பது வயது. அதிகம் பேசமாட்டான். மூன்று வருடமாக அவன் உடம்பிலிருந்து குளிர்ச் சட்டையைக் கழற்ற முடியாமல் இருந்தது. ஆடி வெயிலிலும் அதோடுதான் திரிவான், கழற்றப் போனால் ஊரைக் கூட்டுவான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள பள்ளிக்கூடத்தில், அவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்று இருந்த சின்ன வகுப்பில் சேர்த்த பிறகுதான் ஒருநாள் தானாகவே அதைக் கழற்றிக் கொழுக்கியில் மாட்டினான். நதீஷா ரீச்சர் அன்று நிரூபாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது, வேலைத்தலத்தில் பெட்டிகளுக்கு நடுவே நின்று அவள் அழுதாள்.

அந்த வகுப்பைத்தான் மூடப் போகிறார்கள். பிள்ளைகளை ஸ்காபரோவின் தென்கோடியில், ஏரிக்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றுகிற திட்டம். வளைந்து வளைந்து எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். புதிதாகத் தெரிவாகிற கல்விச் சபை உறுப்பினர்கள்தான் குளிர்காலத்தில் கடைசி முடிவு எடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் கை உயர்த்த ஒருவராவது நம் பக்கம் வேண்டும் என்று கீதன் புறப்பட்டான். தரை கழுவுகிறவன், பனி தள்ளுகிறவன், வேறொரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவன். அவனுக்கு எதிராக நிற்பவர் ஒரே ஒருவர்: வீடு விற்கிற குலசிங்கம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருகிற வாங்குகளில் ஏற்கெனவே விளம்பரப் படம் உள்ளவர்.

போன வெள்ளியோடு மனுக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது. இன்று திங்கள். பின்னேரம் நாலு மணிக்கு வேட்பாளர் பட்டியல் வரும்.

காலையில் நிரூபா தோசைக்கல்லில் மாவை ஊற்றுகிற நேரம் கீதனின் தொலைபேசி அடித்தது. அவன் கராஜில் பலகைகளுக்குக் கம்பி பூட்டிக்கொண்டிருந்தான். அவள்தான் எடுத்தாள்.

தேர்தல் அலுவலகத்திலிருந்து ஸ்டெபனி என்று ஒரு பெண். குரல் மிகவும் பண்பாக இருந்தது. இந்த ஊரில் கெட்ட செய்தி எப்போதும் பண்பான குரலில்தான் வரும்.

“உங்கள் கணவர் மதியத்துக்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு வர முடியுமா? அவருடைய விடுப்புக் கடிதத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.”

“ஏதாவது பிரச்சினையா?” என்று நிரூபா ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அவர் மனுக் கொடுத்த நாளையும் விடுப்புத் தொடங்கிய நாளையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. நேரில் பேசுவது நல்லது.”

தோசை கருகியது. நிரூபா அதைத் திருப்பவில்லை.

மனுக் கொடுத்த நாள் புதன். விடுப்புத் தொடங்கிய நாள் வெள்ளி. அந்த இடைவெளியை உண்டாக்கியவள் அவள்தான்.

முதலில் போட்ட ஏற்பாடு வெள்ளிக்கிழமைதான். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் தரைக்கெல்லாம் மெழுகு போட்டு முடிக்க வேண்டும், வியாழன் இரவுவரை நின்று தா என்று கீதனின் மேலாளர் கேட்டிருந்தார். வெள்ளி விடுப்பு, வெள்ளி காலையில் மனு. எல்லாம் பொருந்தியிருந்தது. ஆனால் நிரூபா நாட்காட்டியை எடுத்துப் பார்த்தாள். வியாழன் அட்டமி. வெள்ளி நவமி. போதாததற்கு வெள்ளி காலையில் ராகு காலம் வேறு. எந்தத் தாய் தன் பிள்ளையின் காரியத்தை நவமியில் தொடங்குவாள்?

“புதன்கிழமை காலமை குடுத்திடுவம்” என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.

“லீவு வெள்ளியில இருந்துதானே?” என்று கீதன் கேட்டான்.

“பேப்பரைக் குடுக்கிறதுக்கும் லீவுக்கும் என்னப்பா? ரெண்டு நாளில என்ன வந்திடப் போகுது?”

அவன் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை காலையில் போய்க் கொடுத்தார்கள். அன்று பின்னேரம் அவன் வழக்கம்போல வேலைக்குப் போனான். வியாழனும் போனான்.

*

“என்னம்மா, ஃபேஸ் ஒரு மாதிரி இருக்கு?”

மகள் தனுஷிகா படியிறங்கி வந்தாள். பதினேழு வயது. தகப்பனின் தேர்தல் வேலையில் பாதி அவள் தலையில். வீடியோ எடுப்பது, எழுதுவது, பதில் போடுவது எல்லாம் அவள்தான்.

“ஒண்டுமில்லை. எலெக்‌ஷன் ஒஃபிஸுக்குப் போயிட்டு வாறம். தம்பியைப் பாத்துக்கொள்.”

“லிஸ்ற் நாலு மணிக்குத்தானே? நான் போஸ்ற் எல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்கிறன். அப்பாட பேர் வந்தவுடன போடுவன்.”

நிரூபா அவளுடைய தலையைத் தடவினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கீதன் விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். “ஏன், எதற்கு” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றினான், கடிதத்தை எடுத்தான், காரில் ஏறினான். அவ்வளவுதான். நிரூபாவுக்கு அது அப்போதே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் தன் குற்றமே தலைக்குமேல் நிற்கும்போது பிறர் முகத்தை ஆராய்ந்துகொண்டிருக்க யாருக்கு நேரம்?

நெடுஞ்சாலை முழுக்க வாகனம். கீதன் வானொலியைப் போடவில்லை.

“இஞ்சாருங்கோ, சும்மா செக் பண்ணுறதுக்காத்தான் கூப்பிட்டிருப்பினம் என்ன?”

“ம்.”

“லீவு லெற்றர் இருக்குத்தானே. அதைக் காட்டினால் சரி.”

“பாப்பம்.”



*

ஸ்டெபனிக்கு நிரூபாவின் வயதுதான் இருக்கும். எழுந்து வந்து கைகொடுத்தாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். கண்ணாடி அறை ஒன்றில் மூவரும் உட்கார்ந்தார்கள். கடிதத்தை வாங்கி ஒரு தடவை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“கல்விச் சபையில் வேலை செய்கிற ஒருவர் கல்விச் சபைக்குப் போட்டியிடலாம். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மனுக் கொடுக்கிற நாளிலேயே அவர் சம்பளமில்லாத விடுப்பில் இருக்க வேண்டும். தேர்தல் நாள்வரை அந்த விடுப்புத் தொடர வேண்டும். நீங்கள் மனுக் கொடுத்தது புதன்கிழமை. விடுப்பு வெள்ளிக்கிழமை.”

“ரெண்டு நாள்தானே” என்றாள் நிரூபா.

“ஆம். இரண்டு நாள்.”

“அவர் வெள்ளிக்கிழமையே வந்து கொடுத்திருந்தால்?”

“அப்படியென்றால் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.”

அதை அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

“இப்ப திரும்பக் கொடுக்க முடியாதா? இந்த நிமிசமே புதுசாக நிரப்பித் தருகிறோம். அவர் இப்போது விடுப்பில்தான் இருக்கிறார்.”

“வெள்ளிக்கிழமை இரண்டு மணியோடு எல்லாம் மூடிவிட்டோம். அதற்குப் பிறகு யாரிடமிருந்தும் வாங்க முடியாது. எனக்கும் அதிகாரமில்லை, எனக்கு மேலே உள்ளவருக்கும் அதிகாரமில்லை.”

“அந்த ரெண்டு நாளும் அவர் வேலைக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மேலாளரிடம் கேட்டு, புதனிலிருந்து விடுப்பு என்று மாற்றி எழுதி...”

நிரூபா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்டெபனி தன் கணினியைத் திருப்பிக் காட்டினாள். யாரோ ஒரு வாக்காளர் அனுப்பிய வீடியோ என்றாள். பெயர் சொல்ல முடியாதாம்.

திரையில் நீளமான பள்ளிக்கூட நடைவழி. கீதன் பெரிய மெழுகு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறான். கீழே தனுஷிகாவின் எழுத்து: இன்று வியாழக்கிழமை. தேர்தலில் நிற்கிற என் அப்பா இன்றும் உங்கள் பிள்ளைகளின் தரையைப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறார்.

வியாழன் இரவு தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோன பிள்ளை எடுத்தது. நாலாயிரம் பேர் பார்த்தார்கள் என்று துள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். அதைப் பார்த்து நிரூபாவும் கண் கலங்கினாள், தன் தங்கைமாருக்கெல்லாம் அனுப்பினாள். இப்படி ஒரு குடும்பம் உலகத்தில் உண்டா? தாய் நாள் பார்த்துக் குழி தோண்டினாள். மகள் அதில் விளக்கும் பிடித்தாள்.

“மிஸ், எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான்” என்று நிரூபா தொடங்கினாள். சுலக்சனைப் பற்றி, வகுப்பைப் பற்றி, ஒரு மணித்தியாலப் பஸ்ஸைப் பற்றி, குளிர்ச் சட்டையைப் பற்றி எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆங்கிலம் உடைந்தது. இந்தக் கதைக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. இருந்தாலும் வாய் நிற்கவில்லை.

ஸ்டெபனி குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், “எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது” என்றாள். பிறகு கீதன் பக்கம் திரும்பினாள். “மிஸ்டர் கீதன், புதன்கிழமை கவுண்டரில் என் சக ஊழியர் உங்களிடம்...”

“எனக்கு விளங்குகிறது” என்று கீதன் இடைமறித்தான். “எல்லாம் விளங்குகிறது. நாங்கள் வெளிக்கிடுகிறோம்.”

அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவன் பேசியது அவ்வளவுதான்.

*

வீட்டுக்கு நேரே போக அவர்களுக்கு மனமில்லை. ஸ்ரீல்ஸ் வீதியோரம் உள்ள பிளாசா ஒன்றில், மளிகைக் கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு இருந்தார்கள். பிள்ளையிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தார்கள் என்பதுதான் உண்மை. ஆட்கள் கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் கீதனைக் கண்டு கை காட்டினார்கள். ஒருவர் கட்டைவிரலை உயர்த்தி, “வோட்டு உமக்குத்தான் தம்பி!” என்று கத்தினார். கீதன் பதிலுக்குக் கை காட்டினான். அதைப் பார்க்க நிரூபாவுக்குப் பொறுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலு மணியும் வந்தது. பட்டியலும் வந்தது. அவர்களுடைய தொகுதியில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில், போட்டியின்றித் தெரிவு.

ஒரு வாக்குக்கூட விழாமல் குலசிங்கம் வென்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். காரின் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் நிறைந்தது.

“தம்பி கீதன், கேள்விப்பட்டன். சத்தியமா எனக்கே கவலையாப் போச்சு. போட்டியெண்டா ஒரு கலகலப்பு இருந்திருக்கும்.”

“பரவாயில்லை அண்ணை.”

“இனி நாங்கள் ஒண்டாச் செய்வம் என்ன? உம்மட ஏரியாப் பிரச்சினை ஏதும் எண்டா எனக்கு ஒரு கோல் அடியும்.”

“அண்ணை, சின்னப் பிள்ளையளின்ர அந்த வகுப்பு...”

“அதெல்லாம் ஸ்ராஃப் நல்லா ஸ்ரடி பண்ணித்தான் ரெக்கமென்ட் பண்ணியிருக்கினமாம் தம்பி. நாங்கள் உணர்ச்சிவசப்பட்டு எடுக்கிற முடிவில்லைத்தானே. பாப்பம், பாப்பம். தங்கச்சியையும் கேட்டதாச் சொல்லும்.”

தங்கச்சி என்று அவர் சொன்ன நிரூபா பக்கத்திலேயே இருந்தாள். அவர் சொன்ன “பாப்பம்” எப்படிப்பட்டது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வீடு வாங்க வந்தவர்களிடம் கூரை ஒழுகுமா என்று கேட்டால் சொல்கிற “பாப்பம்” அது. அந்த வகுப்பு போய்விட்டது. இனி அதை எடுத்துச் சொல்ல அந்தச் சபையில் ஒரு நாக்கு இல்லை.

அடுத்த அழைப்பு தனுஷிகா. பேச முடியாமல் விம்மினாள்.

“அப்பா, குறூப்பில எல்லாரும் சொல்லுகினம், என்ர வீடியோவாலதான் எண்டு. இஸ் இற் ட்ரூ? நான் டிலீற் பண்ணிட்டன், எல்லாத்தையும் டிலீற் பண்ணிட்டன். அப்பா, ஐ டிட்ன்ற் நோ...”

“அழாதை பிள்ளை. வாறம்.”

“என்னாலயா அப்பா?”

கீதன் நிரூபாவைப் பார்த்தான். நிரூபா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். “வீட்ட வந்து கதைப்பம்” என்று சொல்லி அவன் தொடர்பை நிறுத்தினான்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் ஒரு தாயே இல்லை என்று நிரூபாவுக்குப் பட்டது.

“பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, அவளில பிழையில்லை எண்டு. நான்தானே புதன்கிழமை எண்டு நிண்டனான். அட்டமி, நவமி எண்டு உங்களை இழுத்துக்கொண்டு போனது நான். என்ர பிள்ளையின்ர தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டிட்டன்.” அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “என்னை ஏசுங்கோவன். காலமை துவக்கம் ஒரு சொல்லும் சொல்லாமல் இருக்கிறியள். ஏசிப்போட்டாவது விடுங்கோ.”

கீதன் ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுத்து அவள் பக்கம் திரும்பினான்.

“உம்மில பிழையில்லை, நிரூபா.”

“சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதையுங்கோ.”

“ஆறுதலுக்கு இல்லை. அண்டைக்குக் கவுண்டரில இருந்தவன் என்னைக் கேட்டவன். ‘நீங்கள் கல்விச் சபையில வேலை செய்யிறியளோ’ எண்டு கேட்டான். ஓம் எண்டன். ‘இண்டைக்கு லீவில இருக்கிறியளோ, மனுக் குடுக்கிற நாளில லீவில இருக்கவேணும், இல்லாட்டி வெள்ளிக்கிழமை வந்து குடுங்கோ’ எண்டு வடிவா, ஆறுதலா விளங்கப்படுத்தினவன்.”

நிரூபாவுக்கு முதலில் அது ஏறவில்லை. “அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இருக்கிறன் எண்டன்.”

“என்னது?”

“லீவில இருக்கிறன் எண்டு சொல்லிச் சத்தியக் கடதாசியில கையெழுத்தும் வச்சன்.”

வெளியே ஒரு பெண் தள்ளுவண்டியைக் காரில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏனப்பா?” என்று நிரூபா கேட்டாள். “வெளியில வந்து என்னட்ட ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. வெள்ளிக்கிழமை வருவம் எண்டு சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீர் விட்டிருப்பீரோ?”

நிரூபா மடியில் கிடந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

“நீர் கண்ணாடிக்கு அங்காலப் பக்கம் நிண்டு சாமி கும்பிட்டுக்கொண்டு நிண்டனீர். உம்மட முகத்தைப் பாத்தன். சுலக்சன் பிறந்தாப் பிறகு உந்த முகத்தில அப்பிடி ஒரு தெளிவை நான் காணேல்லை. வெறுங்கையோட வெளியில வந்து, நவமியிலதான் குடுக்கவேணுமாம் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. பிறகு தோத்தா, நவமியாலதான் எண்டு வாழ்நாள் முழுக்கச் சொல்லுவீர். அதுக்கும் பயந்தன். ரெண்டு நாளை ஆர் பாக்கப் போறான் எண்டு நினைச்சன்.”

கோபப்பட வேண்டும் என்று நிரூபா நினைத்தாள். கோபம் வரவில்லை. வந்தது பயம்தான். பொய்ச் சத்தியம் என்றால் இந்த நாட்டில் அது சின்னக் காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். தனக்கு இந்த மனுசன் இவ்வளவு பயந்தா வாழ்ந்திருக்கிறான் என்பது அதைவிடப் பெரிதாக நெஞ்சில் இறங்கியது. பத்தொன்பது வருடம் ஒரு பாயில் படுத்தவள், அது ஒன்றும் தெரியாமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இன்னுமொண்டு இருக்கு” என்றான் கீதன். “சுப்பர்வைசர் மெசேஜ் போட்டவர். நாளைக்குக் காலமை வரட்டாம். யூனியன் ஆளையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

“வேலைக்கும்...?”

“தெரியாது. வீடியோவையும் அனுப்பி, பொய்ச் சத்தியம் பண்ணினவர் உங்கட பள்ளிக்கூடத்தில வேலை செய்யிறார் எண்டும் ஆரோ எழுதியிருக்கினமாம்.”

“ஆர் அப்பிடி எழுதினது? கையெழுத்து வச்சது உங்களுக்கும் அந்தக் கவுண்டர்க்காரனுக்கும்தானே தெரியும்?”

“அதுதான் நானும் யோசிக்கிறன்.”

அவன் காரை எடுத்தான். வீட்டுத் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தான்.

“தனுவிட்ட மட்டும் அந்தக் கையெழுத்துக் கதையைச் சொல்லாதையும். என்னை அவள் ஒரு பெரிய ஆள் மாதிரி நினைச்சுக்கொண்டிருக்கிறாள். மற்றவை என்ன நினைச்சாலும் பரவாயில்லை.”

நிரூபா தலையாட்டினாள்.

*

சுலக்சன் கூடத்தில் கவிழ்ந்து படுத்தபடி சிவப்புக் கார் ஒன்றின் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தான். தாய் தகப்பன் வந்ததை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரைக் கைச் சட்டைதான் போட்டிருந்தான். கீதன் அவனுக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழும்பவில்லை.

நிரூபா மாடிக்கு ஏறினாள். தனுஷிகாவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பிள்ளை கட்டிலில் காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“அம்மா, நேரச் சொல்லுங்கோ. நான் அந்த வீடியோவைப் போடாட்டி அப்பாட பேர் லிஸ்ற்றில வந்திருக்குமா?”

வந்திருக்கும். அதுதான் உண்மை. வீடியோ இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை யாரும் கேட்டே இருக்கமாட்டார்கள். அந்த உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை இனி ஒவ்வொரு பள்ளிக்கூட பஸ்ஸையும் பார்த்துத் தன்னையே வெறுப்பாள். முழு உண்மையையும் சொன்னால் தகப்பனை வெறுப்பாள்.

நிரூபா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“இல்லை பிள்ளை. வீடியோவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அப்பா லீவு வெள்ளிக்கிழமை எடுத்தவர். நான்தான் புதன்கிழமை நாள் நல்லது, அண்டைக்கே குடுக்கவேணும் எண்டு சொன்னனான். லீவு எடுத்த நாளில குடுத்திருந்தா ஒரு பிரச்சினையும் வந்திராது.”

தனுஷிகா நிமிர்ந்தாள். “நாள் நல்லதா?”

“ஓம். அட்டமி, நவமி எண்டு...”

“அப்பா வேண்டாம் எண்டு சொல்லேல்லையா?”

கீழே கீதன் மகனோடு ஏதோ மெதுவாகப் பேசுகிற சத்தம் கேட்டது.

“சொன்னவர்” என்றாள் நிரூபா. “வெள்ளிக்கிழமைதான் குடுக்கவேணும், இல்லாட்டிப் பிழைச்சுப் போகும் எண்டு எவ்வளவோ சொன்னவர். நான்தான் கேக்கேல்லை.”

தனுஷிகா தாயை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்பா சொன்னவர். நீங்கள் கேக்கேல்லை.” குரலில் அழுகை போய்விட்டிருந்தது. “யூ ஓல்வேய்ஸ் டூ திஸ், அம்மா. தம்பிக்குப் பேச்சு வரேல்லை எண்டேக்கயும் டொக்டரிட்டப் போகாமல் எத்தினை கோயில் ஏறினனீங்கள்? அவனை அந்த பஸ்ஸில ஏத்துற அண்டைக்கு நீங்களே கொண்டுபோய் ஏத்துங்கோ. என்னைக் கூப்பிடாதையுங்கோ.”

“தனு...”

“ப்ளீஸ். வெளியில போங்கோ.”

நிரூபா வெளியே வந்தாள். கதவு அடைபட்டது. சத்தமாகக்கூட அடைபடவில்லை.

கீழே கீதனின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

பிள்ளைக்காக ஒரு பொய் சொல்லலாம், அதில் பாவமில்லை என்று நிரூபா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தப் பொய்யை நம்பவைக்கக் கஷ்டப்பட வேண்டியிருக்கும் என்றுதான் படியேறும்போது நினைத்திருந்தாள். ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. தன் தாய் அப்படிப்பட்டவள்தான் என்று மகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.